ஆண்டகளூர் கேட்டில் நின்ற குரல்

1. “போயிடும்”

“மேடம், முப்பத்தேழு எடுக்கட்டுங்களா?”

செல்வி இதைக் கேட்டபோது என் இடது கையில் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் இருந்தது. வலது கையில் முப்பத்தொன்பதாம் நம்பர் டபுள் லூமன் ட்யூப். கண் நோயாளியின் குரல்நாண்கள் மேல் இருந்தது. காது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். “வேண்டாம், போயிடும்” என்றேன்.

போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வயது அறுபத்தொன்று. சொந்த ஊர் ஆட்டையாம்பட்டி. சேலத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக மயக்க மருந்து கொடுத்தேன். ஓய்வு பெறும்போது ஜூனியர் டாக்டர்கள், “மேடம், தொராசிக் கேஸுக்கு டிப்ஸ் எழுதிக் கொடுங்க, பத்து பாயிண்ட் போதும்” என்றார்கள். தொராசிக் என்றால் நெஞ்சு ஆபரேஷன். பத்து பாயிண்ட் புத்தகத்திலேயே இருக்கிறது, என்னைவிட அழகாக எழுதியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மாரப்பன். சேலம் நாமக்கல் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர்.

செல்வி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தியேட்டரின் அனஸ்தீசியா டெக்னீஷியன். பள்ளிபாளையத்துக்காரி. நான் கையை நீட்டுவதற்குள் வேண்டிய சாமானை வைத்துவிடுவாள். குரல் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பெரியவர்கள் முன்னால் சத்தமாகப் பேசக்கூடாது என்று வளர்த்த வீட்டுப் பெண்.

2. குழாயைப் பற்றிக் கொஞ்சம்

வேறு துறைக்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் நாலு வரி. ஜூனியர்கள் கொட்டாவி விட்டுக்கொள்ளலாம்.

மற்ற ஆபரேஷன்களில் நாங்கள் போடும் ட்யூப் மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். இரண்டு நுரையீரலுக்கும் காற்று சேர்ந்து போகும். நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் அது சரிப்படாது. சர்ஜன் வேலை செய்யும் பக்கத்து நுரையீரல் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தால் அவர் எங்கே தையல் போடுவார்? அதனால் இரண்டு வழி உள்ள இந்த டபுள் லூமன் ட்யூப். ஒரு வழி குட்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். இன்னொன்று நீளம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி இடது பக்கம் போய் உட்காரும். இரண்டுக்கும் தனித்தனி பலூன். மேலே வெள்ளை, கீழே நீலம். வேண்டாத வழியை கிளாம்ப் போட்டு அடைத்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் மட்டும் சுருங்கி ஒதுங்கிக்கொள்ளும். மற்றது பாட்டுக்கு மூச்சு விடும்.

இது சாதாரண ட்யூப்பைவிடத் தடிமன், நீளம், முரடு. நம்பர் ஏற ஏறத் தடிமனும் ஏறும். வளைவு கெடாமல் இருக்க உள்ளே ஒரு கம்பி இருக்கும், ஸ்டைலட் என்போம். ட்யூப்பின் முனை குரல்நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலட்டை உருவிவிட வேண்டும். அதன் பிறகுதான் ட்யூப்பை இடது பக்கமாகத் திருப்பி உள்ளே இறக்க வேண்டும். கம்பியோடு தள்ளினால் கிழிக்கும். இதை எத்தனை ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லிக் கொடுக்கும் வாய் வேறு, செய்யும் கை வேறு.

இறங்கிய பிறகு பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்போம். பிரிவு தெரிய வேண்டும். இடது பக்கம் நீல பலூனின் விளிம்பு மட்டும் லேசாகத் தெரிய வேண்டும். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்ததும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் திருப்பும்போது ட்யூப் நகரும். இவ்வளவுதான் வித்தை.

3. மெதுவாத்தானுங்க பேசறேன்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் மாரப்பனைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது. சட்டையின் மேல் பொத்தானில் ஒரு விசில், கறுப்புக் கயிற்றில். பக்கத்தில் மனைவி சரசு. கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் பேசியது லிஃப்ட் வரைக்கும் கேட்டது. வார்டு சிஸ்டர் வந்து, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பக்கத்து பெட்டுல தூங்கறாங்க” என்றார்.

“மெதுவாத்தானுங்க பேசறேன்” என்றார் மாரப்பன், அதே சத்தத்தில்.

வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. ஹைடேடிட் சிஸ்ட் என்போம். நாய் வழியாக வரும் ஒரு புழு வைக்கும் கூடு. நான் அதை விளக்கியபோது அவருக்கு நாய்களின் மேல்தான் கவலை.

“பஸ் ஸ்டாண்டு நாய்ங்க பூராவும் என்ர கையில பிஸ்கட் தின்னு வளந்ததுங்க மேடம். அதுகள கொற சொல்லாதீங்க.”

“கொற சொல்லல. கையக் கழுவுங்கன்னு சொல்றேன்.”

“செரிங்க.”

அந்தக் கட்டியின் ஆபத்து அது உடைவதில்தான். உள்ளே இருக்கும் நீர் நல்ல நுரையீரலுக்குள் பாய்ந்தால் நோயாளி மூச்சுத் திணறிப் போவார். ஆகவே மயக்கம் கொடுக்கும்போது அவர் இருமக்கூடாது. ட்யூப் சட்டென்று போய், நீல பலூன் ஊதி, இடது நுரையீரலுக்குக் காவல் போட்டுவிட வேண்டும். இரவு முழுக்க என் தலைக்குள் இந்த ஒரே யோசனைதான் ஓடியது.

எழுந்து கிளம்பும்போது மாரப்பன் கேட்டார்: “மேடம், குழாய் தொண்டை வழியாத்தானுங்க போவுது? கொரலுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே? இருவத்திரண்டு வருசமா தொண்டைதானுங்க எங்களுக்குச் சோறு போடுது.”

“ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும். அவ்வளவுதான்” என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில். அவரும் எல்லோரையும் போலத் தலையாட்டினார்.

4. முப்பத்தொன்பது

மறுநாள் காலை தியேட்டர் மேஜையில் படுத்தவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். மயக்கத்துக்குப் போகும்போது நோயாளியிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்வேன். இவரிடம், “உங்க ரூட்டுல வர்ற ஸ்டாப் எல்லாம் சொல்லுங்க. நானும் கூட வாரேன்” என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மாஸ்க்குக்குள்ளிருந்தே கூவினார்.

“சேலம் புது பஸ் ஸ்டாண்டு! மல்லூர், ராசிபுரம், ஆண்டகளூர் கேட்…”

அதோடு கண் சொருகியது. ஸ்டாஃப் நர்ஸ், “கேட்டுலயே எறங்கிட்டாரு” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஆண் என்றால் முப்பத்தொன்பது, பெண் என்றால் முப்பத்தேழு என்று கை பழகியிருந்தது. உயரம் பார்த்துத்தான் நம்பர் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாரப்பன் ஐந்தடி ஓர் அங்குலம். ஆனால் அவர் குரலைக் கேட்டவர்கள் யாரும் அவரைக் குள்ளம் என்று நினைக்க மாட்டார்கள், நானும் நினைக்கவில்லை. பச்சைத் துணியைப் போர்த்திப் படுக்க வைத்த பிறகு எல்லோரும் ஒரே உயரம்தான்.

ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவில் போய் இடித்தது. செல்வி கேட்டாள். நான் ‘போயிடும்’ என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் கை கழுவி நின்ற சர்ஜன், ஆத்தூர்க்காரர், “என்ன மேடம், எவ்ளோ நேரம்? சிஸ்ட் ஒடஞ்சிட்டா அப்புறம் நாம ரெண்டு பேரும் நீச்சல்தான் அடிக்கணும்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனதில் ஓடியதைத்தான் அவர் வாய் சொன்னது. இருமிவிடுவாரோ, உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ட்யூப்பைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். ஸ்டைலட் உள்ளேயே இருந்தது. விரல் நுனியில் ‘நறுக்’ என்று ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. பிறகு சுலபமாக இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் எல்லாமே பாடப்புத்தகம். ஸ்கோப்பில் பார்த்தேன், நீல விளிம்பு அழகாகத் தெரிந்தது. பக்கவாட்டில் திருப்பிய பின் மறுபடி பார்த்து, கொஞ்சம் வெளியே வந்திருந்ததைச் சரி செய்தேன். வலது பக்கத்தை அடைத்ததும் நுரையீரல் ஒதுங்கி இடம் கொடுத்தது. சர்ஜன் கட்டியை உடையாமல் எடுத்து கிண்ணத்தில் வைத்தார். உரித்த நுங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுகூட இடது பக்கம் போகவில்லை.

“க்ளாஸ் மேடம்” என்றார் சர்ஜன்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. முடிவில் வாயை சக்‌ஷன் போட்டபோது சளியோடு ஒரு நூல் அளவு ரத்தம் வந்தது. பார்த்தேன், மறந்தேன். சார்ட்டில், ‘ட்யூப் முதல் முயற்சியிலேயே, சிரமமின்றிப் போடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ட்யூப்பை எடுத்ததும், “மாரப்பண்ணா, முழிங்க. கேட் தாண்டியாச்சு” என்றேன். கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. “புதுச்… சத்திரம்.” விட்ட இடத்திலிருந்து ரூட்டைத் தொடர்ந்துவிட்டார் மனிதர். தியேட்டரே சிரித்தது. ஆனால் வந்தது குரல் இல்லை, வெறும் காற்று. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வரும்.

5. நல்லா இருக்குதுங்க

மறுநாள் ரவுண்ட்ஸில் கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்கடுத்த நாள், “தொண்டை எப்படி இருக்கு?” என்றேன். “நல்லா இருக்குதுங்க” என்று ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னார். நானும் நல்லா இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்து ஆட்களிடம் இது ஒரு பெரிய வம்பு. கல்யாண வீட்டில் சோறு வேகாமல் இருந்தாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்லிவிட்டு எழுவார்கள். போட்டவர் மனம் நோகக்கூடாது. நான் அதே ஊரில் பிறந்து, அதே பதிலை ஆயிரம் முறை சொன்னவள். என்னை ஏமாற்ற முடிந்ததென்றால் ஏமாற நான் தயாராக இருந்தேன் என்றுதான் அர்த்தம்.

நான்காம் நாள் லிஃப்ட் பக்கத்தில் சரசு பிளாஸ்க்கோடு காத்திருந்தார்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கம்மா.”

“ஊட்டுக்காரருக்குக் கொரலே வல்லீங்க. நேத்து ராத்திரி என்னையக் கூப்பிட்டிருக்காரு, காதுல உழுகல. டம்ளரத் தட்டித்தான் எழுப்புனாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாருங்க. அந்தம்மா உசுரக் காப்பாத்தியிருக்குது, சங்கடப்படும்னாரு. ரெண்டு நாள்னு சொன்னீங்களாம். இன்னிக்கு நாலாவது நாளுங்க.”

என் விரல் நுனியில் அந்த ‘நறுக்’ திரும்ப வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்கோப் போட்டுப் பார்த்தார். இடது குரல்நாணில் ரத்தக்கட்டு, கறுத்துப் போய் வீங்கியிருந்தது. நாண் அசைகிறது, அதுவரைக்கும் நல்லது. இரண்டு வாரம் வாயே திறக்கக்கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. பழைய குரல் முழுசாக வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

சர்ஜனிடம் சொன்னேன். “ட்யூப் போட்டா தொண்டை கட்டறது சகஜம் மேடம். கன்சென்ட் ஃபார்ம்ல எழுதியே இருக்கு. நீங்க ஏன் வலியப் போய் மாட்டிக்கறீங்க?” என்றார். எனக்காகத்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் மாரப்பனின் கட்டில் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை.

“மாரப்பண்ணா, உங்க தொண்டை கட்டிக்கல. நான்தான் காயம் பண்ணிட்டேன். உங்களுக்குப் பெரிய சைஸ் ட்யூப்ப எடுத்தேன். இடிச்சப்போ நிறுத்தியிருக்கணும். அவசரத்துல தள்ளிட்டேன்.”

அவர் தலைமாட்டில் இருந்த மகளின் நோட்டை எடுத்து எழுதினார்: ‘திரும்ப வருங்களா?’

“வரும்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது.”

நோட்டை மூடி வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சரசுதான் பேசினார். “மூணு நாளா உங்களத்தான் சாமியாட்டம் நெனச்சுக்கிட்டு இருந்தாருங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வந்தேன்.

சார்ட்டை வாங்கி, ‘சிரமமின்றி’ என்ற வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, நடந்ததை நடந்தபடி கீழே எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு செல்வியிடம் போனேன்.

“நீ அன்னிக்குச் சொன்ன. நான் கேக்கல. தப்பு என்மேல.”

அவள் ட்ராலியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கோணுங்க மேடம். நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன். நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க.” அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் ஸ்டோர் ரூமில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டோம். வெளியே அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டார்கள்.

6. விசில் வாரங்கள்

டிஸ்சார்ஜ் ஆகிப் போனார். வாரம் ஒரு முறை தொண்டை டாக்டரிடம் வரும்போது நானும் போய் வெளியே நிற்பேன். முதல் தடவை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரண்டாம் தடவை சரசு சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஊட்டுல விசில்லயேதானுங்க ரெண்டு வாரமா குடித்தனம். சோறு போதும்னா ஒரு விசிலு. இன்னும் வேணும்னா ரெண்டு விசிலு. பக்கத்து ஊட்டுக் கொழந்தைங்க பஸ்சு வந்துருச்சுன்னு ஓடியாருதுங்க.”

மாரப்பன் சட்டையிலிருந்த விசிலை வாயில் வைத்து, என்னைப் பார்த்து, வண்டி போகலாம் என்கிற மாதிரி மெல்ல இரண்டு முறை ஊதினார். ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தக் குடும்பம் நல்லா இருக்கட்டும், அந்த மனிதர் நல்லா இருக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மகளின் போனிலிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். நான் கேட்கவில்லை, அவராக அனுப்பினார். முதல் வாரம், “சேலம்… மல்லூர்…” என்று வந்து, அதற்குமேல் காற்று. அடுத்த வாரம் ராசிபுரம் வரைக்கும் வந்தது, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. அதற்கடுத்த இரண்டு வாரமும் அங்கேயே நின்றது. பஸ் மொதலாளி அவர் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார் என்று மகள் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நானும் செல்வியும் மெஷின் செக் பண்ணுவதற்கு முன்னால் அந்த மெசேஜைத் தலையோடு தலை முட்டிக் கேட்போம். “போன வாரத்துக்கு இது தேவலைங்க மேடம்” என்பாள் செல்வி. தேவலை இல்லாத வாரமும் அதையேதான் சொன்னாள்.

ஐந்தாம் வாரம் ஆண்டகளூர் கேட் வந்தது. ஆறாம் வாரம் மெசேஜ் வரவில்லை. ஏழாம் வாரமும் வரவில்லை. கேட்கப் பயந்துகொண்டு நான் போன் பண்ணவில்லை.

7. டிக்கெட் ராசிபுரம் வரைக்கும்

ராசிபுரத்தில் என் சித்தி மகள் வீட்டில் காது குத்து. காரை எடுக்காமல் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் பஸ்கள் நிற்கும் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டது.

“மல்லூர், ராசிபுரம், கேட்டு, புதுச்சத்திரம், நாமக்கல்லேய்!”

ஓரத்தில் கொஞ்சம் கீறல் இருந்தது. ஆனால் அடித்தொண்டையிலிருந்து வந்த முழுக் குரல். கூட்டத்துக்கு நடுவில் கையில் பையோடு நின்றுவிட்டேன். ஒருவர் இடித்துவிட்டு, “ஓரமா நில்லுங்கம்மா” என்றார்.

மாரப்பன் பார்த்துவிட்டார். ஓடி வந்து பையைப் பிடுங்கிக்கொண்டார். “மேடம்! மொதலாளியே கூப்பிட்டுட்டாருங்க, போன வாரந்தானுங்க திரும்பவும் வண்டியேறினேன். மெசேஜுல சொல்லோண்டாம், நேர்லயே வந்து கூவிக் காட்டோணும்னு இருந்தனுங்க.” முன் சீட்டில் உட்கார வைத்தார். ராசிபுரத்துக்கு டிக்கெட் வாங்கினேன்.

மல்லூர் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றார். “ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னிக்கு அங்க அத்தன பேர் இருந்தாங்களே. ஒருத்தருமா உங்களத் தடுக்கல?”

செல்வி கேட்டதையும் நான் ‘போயிடும்’ என்றதையும் சொன்னேன்.

மாரப்பன் கம்பியில் சாய்ந்துகொண்டார். “எங்க வண்டியில ஒரு விசில் அடிச்சா டிரைவர் ஏன்னு கேக்க மாட்டாருங்க. மொதல்ல பிரேக்குதான். நின்னுப்போட்டுத்தான் கண்ணாடியில பாப்பாரு. ஏன்னு கேட்டுட்டு நிறுத்தலாம்னா, அதுக்குள்ள படிக்கட்டுல இருக்கறவன் உழுந்துருவான். டிரைவர் என்னையவிடப் பெரியவருதானுங்க. அதுக்கோசரம் விசில மெதுவா ஊத முடியுங்களா?”

ராசிபுரம் வந்தது. நான் இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு டிக்கெட் கேட்டேன். ஆண்டகளூர் கேட் போனது. புதுச்சத்திரம் போனது. பஸ் நாமக்கல் ஸ்டாண்டில் திரும்பும்போது படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “நாமக்கல் எறங்கு! நாமக்கல்!” என்று அவர் கூவியதை முழுசாகக் கேட்டேன். காது குத்துக்குப் போகும்போது பந்தி முடிந்திருந்தது. சித்தி மகள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நாமக்கல்லில் நான் இறங்கும்போது மாரப்பன் சட்டைப் பொத்தானிலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். “அந்தப் புள்ளைக்குக் குடுங்க” என்றார்.

8. ஒரு விசில்

தியேட்டரில் விசில் ஊத முடியாது. செல்வி அதை அனஸ்தீசியா மெஷினின் பக்கக் கொக்கியில் மாட்டி வைத்தாள். ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். யார் “ஒரு விசில்” என்று சொன்னாலும் என் கை நிற்க வேண்டும். சொன்னது வார்டு ஆயாவாக இருந்தாலும் சரி. நின்ற பிறகுதான் ஏன் என்று கேட்பேன். சர்ஜன் முதலில் சிரித்தார், பிறகு அவரும் நின்றார். பல தடவை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நின்றிருக்கிறோம். அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் ஆட்டையாம்பட்டி தறிக்காரப் பெண் ஒருத்திக்கு நெஞ்சு ஆபரேஷன். சின்ன உருவம். உயரம் அளந்து, முப்பத்தைந்து எடுத்திருந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி மயக்கம் கொடுத்தேன். முனை குரல்நாண்களைத் தாண்டியது. திருப்பப் போனேன்.

“ஒரு விசில்!”

அவ்வளவு சத்தமாகச் செல்வி பேசி அதுவரை நான் கேட்டதில்லை. கை நின்றது. “என்ன செல்வி?”

“ஸ்டைலட் உள்ளயே இருக்குதுங்க.”

இருந்தது. இத்தனை நடந்த பிறகும், மாரப்பனை ஒரு நாளும் மறக்காத என் கை மறந்துவிட்டிருந்தது. மறுபடியும் அதே தப்பு, அதே இடத்தில். உருவினேன். திருப்பினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

ஜூனியர்களே, நீங்கள் கேட்ட டிப்ஸ் இதுதான். இனிமேல் மறக்கவே மாட்டேன் என்று உங்களை நம்பாதீர்கள். நான் நம்பினேன். மறந்தால் நிறுத்துவதற்குப் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்குப் பயப்படாமல் இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெண் சாயங்காலம் கண் விழித்ததும், “எந்த ஊரும்மா?” என்று கேட்டேன்.

“ஆட்டையாம்பட்டிங்க” என்றாள், தெளிவாக. செல்வி மெஷினுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.